அண்ணன் விரித்த அட்டை

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. அதிகம் பேசுகிறவனும் இல்லை. அண்ணன் மகள்தான், "சித்தப்பா, அப்பாகூட முப்பது வருஷம் வேலை செஞ்சது நீங்க. நீங்கதான் எழுதணும்" என்றாள். முதலில் மறுத்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அண்ணியிடம் ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்தேன்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில், ஜாலான் புசாரில். இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒரே அறை. அப்பா கீழே அந்தக் கடையில் சுமை தூக்கினார். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. அண்ணன் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சீன முதலாளியின் ரேடியேட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

எஞ்சின் கொதிக்காமல் இருக்கத் தண்ணீர் சுற்றிவந்து ஆறுகிற பெட்டிதான் ரேடியேட்டர். அந்த நாளில் பித்தளையில் இருக்கும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைப்பார்கள். சேர்ந்த முதல் மாதமே அண்ணன் சூடாக இருந்த ஒரு வண்டியின் மூடியைத் திறந்துவிட்டார். இடது கை முழங்கை வரை வெந்துபோனது. டீ கொட்டிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கடைசி வரை அதைத்தான் நம்பினார்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்று அண்ணன் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்.

பிறகு ஆங் மோ கியோவில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மற்ற கடைக்காரர்கள் பழுதுபார்க்க எடுக்க மாட்டார்கள். இருபது வயது வண்டியில் ரப்பர் ஹோஸ் காய்ந்திருக்கும். பிளாஸ்டிக் டேங்க் தொட்டாலே விரிசல் விடும். ஒன்றை மாற்றினால் அடுத்தது ஒழுகும். அண்ணன் எடுப்பார். "ஓடுறதுக்குன்னு செஞ்ச வண்டி. அதைக் கொண்டுவந்து ஜாமுல நிறுத்துனா கொதிக்காம என்ன செய்யும்?" என்பார். வண்டி மேல் அவருக்குக் கோபமே வராது. ஓட்டுகிறவர் மேல் வரும்.

வேலை முடிந்தாலும் வண்டியை உடனே கொடுக்க மாட்டார். எஞ்சினுக்கு அடியில் சுத்தமான அட்டை ஒன்றை விரித்துவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் வந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் அட்டையை இழுத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு இருந்தாலும் திரும்பப் பிரிப்பார். வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றாலும் பிரிப்பார்.

அவருடைய கடைசி வண்டி ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தமிழர் ஒருவருடையது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பகலில் அவர் போன் செய்தார். எல்லை தாண்டி ஜோகூருக்குப் போகிற வழியில் உட்லண்ட்ஸில் நிற்பதாகவும் பின்னால் புகை வருவதாகவும் சொன்னார். எதையும் திறக்காதே என்று சொல்லிவிட்டு அண்ணன் லாரியை எடுத்தார். நானும் போனேன்.

போய்ப் பார்த்தால் கிரேன்காரர் துண்டைச் சுற்றிய கையோடு மூடியின் மேல் குனிந்து நிற்கிறார்.

"டேய், கைய எடுடா! கல்யாணம் ஆனவன்தானே நீ?"

"ஆயிடுச்சுண்ணே."

"அப்ப பாத்திரம் கழுவக் கை வேணும்ல?" என்று சொல்லி அண்ணன் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார்.

"சூட்டு மீட்டர் முள்ளு நடுவுலதாண்ணே இருந்துச்சு. சூடே காட்டல லா."

"உள்ள தண்ணியே இல்ல. எதைத் தொட்டுப் பாத்து அது சூடு சொல்லும்? எத்தனை நாளா ஊத்தி ஊத்தி ஓட்டுற?"

கிரேன்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு மாசமாண்ணே. தினம் காலையில ஒரு பாட்டில். வீட்டுல தெரிஞ்சா வண்டிய வித்துருன்னுவா. அதான் யார்கிட்டயும் மூச்சு விடல."

"நல்லாருக்குடா. பொண்டாட்டிக்குப் பயந்து எஞ்சினக் கொன்னுட்ட" என்று அண்ணன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

வாட்டர் பம்ப், டேங்க், ஹோஸ் எல்லாம் மாற்றினோம். அந்த வண்டியில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். நடுவே வயிற்றுக்கு அடியில் நீளக் குழாய். எஞ்சினை ஆறவைக்கும் கூலண்ட் ஊற்றும்போது அந்தக் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அதை வெளியேற்ற முன்பக்கத்தைத் தூக்கிவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஹீட்டரை முழுவதும் திறக்க வேண்டும். ஹீட்டர் காற்று ஒரே சீராகச் சூடாக வருகிறதா என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் ஹீட்டர். அந்த இடத்தில் அண்ணன் என்னை உட்காரவிட்டதே இல்லை.

அன்று வண்டியிலிருந்து இறங்கிய அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. ஹீட்டர் வேர்வை என்று நினைத்தேன். துடைக்கத் துணி கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். வேர்வை நிற்கவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"வாயுடா. நேத்து ரெண்டு ரொட்டி பிராட்டா கூடத் தின்னுட்டேன்."

"டாக்டர்கிட்ட போவோம்."

"இந்த வண்டி முடியட்டும். உங்க அண்ணிகிட்ட சொல்லாத. பயந்துருவா."

நான் சொல்லவில்லை. அண்ணன் சொல்லை நான் மீறியதில்லை. தினமும் காலையில் அட்டையில் ஒரு சொட்டாவது இருந்தது; திரும்பத் திரும்பப் பிரித்து ஒன்பது நாள் அப்படியே போனது. நடுவில் இன்னொரு முறை அதே வேர்வை. அன்று ஹீட்டரும் போடவில்லை. அன்றும் நான் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை அண்ணன் குனிந்து அட்டையை இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாருடா, ஒரு சொட்டு இல்ல" என்றார். அட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்துவிட்டார். நான் பிடித்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது.

இதுதான் நான் மறைத்தது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் கொடுத்தேன். "படிச்சுப் பாருங்க அண்ணி. வேணாம்னா கிழிச்சுடுறேன்" என்றேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுலயும் அந்த வேர்வை வந்துச்சு, தம்பி" என்றார். "ரெண்டு தடவை. தைலம் தேச்சுவிட்டேன். தம்பிகிட்ட சொல்லாத, ஒர்க்‌ஷாப்புக்கு வரவிடமாட்டான்னு சொன்னாரு. நானும் உங்ககிட்ட சொல்லல."

ஒரு வருடமாக ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அண்ணி என் முகத்தைப் பார்க்க மாட்டார். அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்திருந்தேன். நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார். இருவரில் ஒருவர் வாய் திறந்திருந்தால், மற்றவர் அன்றே அண்ணனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

"கிழிக்காதீங்க. நான் சொன்னதையும் சேர்த்துப் போடுங்க" என்றார் அண்ணி. சேர்த்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வரும் வரை அண்ணனின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்த பக்கத்துப் பெயின்ட் கடைச் சீனப் பெரியவருக்கு நன்றி. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் சோறு கொண்டுவந்த மாடி வீட்டாருக்கு நன்றி. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து தோள் கொடுத்த கிரேன்காரருக்கு நன்றி. வண்டியை மனைவியோடு வந்துதான் எடுத்துப்போனார். இப்போதும் ஓடுகிறது. காரியங்களில் உடன் நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அந்த அட்டை ஒர்க்‌ஷாப் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். அதில் ஒன்றுமே இல்லை. அண்ணனின் விரல் பட்ட கறுப்பு மட்டும் ஓரத்தில் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அவங்ககிட்ட சொல்லாத" என்று சொன்னால், எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பேச்சைக் கேட்காதீர்கள். அன்றே சொல்லிவிடுங்கள். திட்டுவார். திட்டட்டும்.

தம்பி