பராமரிப்பு வழக்கும் ஒரு பகல் தூக்கமும்

உங்களில் எத்தனை பேர் ஒரு தீர்ப்பைக் கடைசிப் பக்கம் வரை வாசித்திருப்பீர்கள்? நான் வாசிக்கவில்லை. அதற்கான தண்டனை போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது... பட்டப்பகலில்.

மாத்தளையில் ஒரு சட்டத்தரணியிடம் நான் தொழில் பழகுவது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒருவர் வந்தார். சீகிரியாவில் த்ரீவீலர் ஓட்டுகிறவர். சிவா என்று வைத்துக்கொள்வோம். மனைவி பிரிந்து போய்விட்டார். மகளின் செலவுக்கு மனைவியிடம் மாதாமாதம் பணம் கட்டும்படி நீதவான் உத்தரவு.

"பிள்ளை என்கூடத்தான் இருக்கு மிஸ். நான் ஏன் அங்க கட்டணும்?"

நியாயம்தானே? பதினான்கு நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதில் மூன்று நாள்தான் மிச்சம். பரபரவென்று மனுவை டைப் செய்துவிட்டேன். பிள்ளை அவருடன் இருப்பதற்கு அத்தாட்சி எங்கே என்று சீனியர் கேட்டதும், அவர் குடியிருக்கும் கலேவெலவுக்கு நானே பஸ் ஏறினேன்.

சின்ன வாடகை வீடு. இரண்டு மணி வெயில். கதவைத் திறந்த சிவா உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா பேசுங்க. பாப்பா தூங்குது."

மேசையில் சின்னத் தட்டில் சோறு, மேலே இன்னொரு தட்டு மூடி. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். நானும் கிசுகிசுவென்றே விசாரித்தேன். எந்த ஸ்கூல்? சோற்றின் மேலிருந்த தட்டைச் சரிசெய்தார். கிளினிக் கார்டு? தேடித் தருவதாகச் சொன்னார். ஒரு போட்டோவாவது எடுக்கலாமே – தூங்கினால் என்ன? சரியென்று தலையாட்டினார். கதவைத் தள்ளினேன்.

நெட் கட்டிய கட்டில். உருண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை. நடுவில் யாருமில்லை. ஆனால் விரிப்பில் ஒரு சின்னப் பள்ளம்...

"எழும்பிட்டா போல" என்றார், எனக்குப் பின்னால் நின்று, ரொம்பச் சாதாரணமாக.

பையிலிருந்த தீர்ப்பின் பிரதியை அங்கேயே நின்று முழுதாகப் படித்தேன். பிள்ளை மூன்று வருடமாகத் தாயுடன் மாத்தளையில் இருக்கிறது. நீதிமன்றத்தில் அதைத் தகப்பனே ஒப்புக்கொண்டிருக்கிறார்!

தொகைதான் பிரச்சினையா என்று கேட்டேன். வருமானம் குறைந்திருந்தால், உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

"காசு பெரிய விஷயம் இல்லீங்க மிஸ்" என்றார். "கட்டினா... அவ இங்க இல்லைனு ஆயிரும்ல."

இதை எந்தச் சட்டப் பிரிவில் போட்டு மேன்முறையீடு செய்வது?

மனுவைக் கிழித்தேன். பணத்தைக் கட்டிவிடுங்கள், பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வேறு மனு போடுவோம் என்றேன். சரி என்றார். விபரங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். பிள்ளையின் வயது?

"நாலு" என்றார் உடனே.

தீர்ப்பில் ஏழு என்றிருந்தது. நான் திருத்தவில்லை. தீர்ப்பையும், நான் குறித்துக்கொண்டிருந்த தாளையும், பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினேன். பேனா காகிதத்தைத் தொடாமல் அப்படியே நின்றது... நிறைய நேரம். கடைசியில் ஏழு என்று எழுதினார்.

பிள்ளைகள் வளர்வதற்கு மட்டும் எந்த நீதிமன்றமும் தடையுத்தரவு கொடுப்பதில்லை.