துரைக்குத் தெரியாத பாஷை

என் வீட்டுச் செருப்புத் தட்டுக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. தலையில் வெயில்தொப்பி, முழங்கால்வரை சப்பாத்து, கையில் சவுக்கு. வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரிக்கும் ஓர் இளம் தோட்டத்துரை. அவருக்குப் பின்னால் வெற்றுடம்போடு கூலிகள் வரிசையாகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். என் வீட்டுச் சுவர்களில் இதைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன. இந்த ஆளுக்குச் செருப்புக்கு மேலே ஓர் இடம் கொடுத்ததே என்னுடைய பெருந்தன்மை என்றுதான் நினைக்கிறேன்.

மெல்பேர்னில் ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு வேலை செய்த காலத்தில், இந்தப் படம் பதினோராம் இலக்க அறையில் மாட்டியிருந்தது. அந்த அறைக்காரர் ஒரு காலத்தில் ஹொலிவூட் நடிகர். பெரிய ஸ்டூடியோக்கள் நடிகர்களை ஏழு வருட ஒப்பந்தம் போட்டுக் கட்டி வைத்திருந்த காலம் ஒன்று இருந்ததல்லவா, அதன் கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்தவர். நான் பார்த்தபோது தொண்ணூறை நெருங்கியிருந்தார். எல்லோரும் அவரை ஸ்டூடியோ வைத்த பெயரால் கூப்பிட்டார்கள். நான் மனதுக்குள் துரை என்று பெயர் வைத்திருந்தேன். அதை மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குளிப்பாட்டும்போதுதான் துரை தன் வரலாற்றை அவிழ்ப்பார். ஒரு மனிதன் உடுப்பில்லாமல் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு இவ்வளவு பெருமை பேசமுடியும் என்று நான் அங்கேதான் கண்டேன். ஸ்டூடியோக்காரர்கள் அவருடைய பெயரை மாற்றினார்களாம். பல்லுக்கு உறை போட்டார்களாம். நெற்றி அகலமாகத் தெரிய முன்மயிரைப் பிடுங்கினார்களாம். காது வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பின்னால் நாடா ஒட்டினார்களாம். நடக்கவும், சிகரெட் பற்றவைக்கவும், பெண்ணின் கையை முத்தமிடவும் ஆள் வைத்துப் பழக்கினார்களாம். இத்தனையையும் மாற்றிய பிறகு மிச்சம் என்ன இருந்தது என்று எனக்குக் கேட்க வாய் துடிக்கும். அவரோ வீட்டுக்குப் பெயின்ட் அடித்த கதைபோலச் சொல்லிக்கொண்டே போவார்.

சரி, படங்களில்தான் என்ன கிழித்தார்? நான் தேடிப் பார்த்தேன். தோட்டத்துரை, ராணுவ அதிகாரி, காட்டுக்குள் மருந்துப் பெட்டியோடு போகும் டாக்குத்தர். பாம்பு கடித்தோ, காய்ச்சல் கண்டோ, ஊர்ச்சனத்தின் ஈட்டி பட்டோ பாதிப் படத்துக்கு முன்பே செத்துப்போவார். கதாநாயகன் வந்து தொப்பியைக் கழற்றுவான். அவ்வளவுதான், இவருடைய வேலை முடிந்தது. கடைசிவரை உயிரோடு இருந்த படம் ஒன்றையும் நான் காணவில்லை. சொந்த ஸ்டூடியோவுக்குத் தேவைப்படாத மாதங்களில், பக்கத்து வீட்டுக்கு ஏணி கொடுப்பதுபோல அவரை வேறு ஸ்டூடியோக்களுக்கு இரவல் கொடுத்தார்கள். ஏழு வருடம் முடிந்த மறுநாள், தினமும் சலூட் அடித்த வாசல் காவலாளி, 'யாரைப் பார்க்க வேண்டும்?' என்று கேட்டானாம். அதற்குப் பிறகு மெல்பேர்ன் வந்து, அதே தொப்பியோடு ஒரு தேயிலை விளம்பரத்தில் கோப்பையை முகர்ந்து 'ம்ம்ம்' என்றார். இந்த நாட்டுச் சனம் அவரை ஞாபகம் வைத்திருந்தது அந்த 'ம்ம்ம்'முக்காகத்தான்.

சுவரில் இருந்த படத்தைப் பற்றி அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பின்னால் நிற்கும் கூலிகளில் ஒருவன்கூடக் கறுப்பன் இல்லையாம். வேலை தேடி வந்த வெள்ளைக்காரப் பொடியன்களுக்கு மண்ணிறச் சாயம் பூசி நிறுத்தினார்களாம். விளக்குச் சூட்டில் வியர்த்துச் சாயம் வழிந்து, வயிற்றில் வெள்ளைக் கோடுகள் தெரிந்ததாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இருமல் வந்து நான் முதுகைத் தடவிவிடும்வரை சிரிப்பார்.

பிறந்த ஊர் டாஸ்மேனியா என்பார். ஆப்பிள் தோட்டம், பனி, குதிரை என்று அளப்பார். எட்டாம் இலக்க அறையில் இருந்த மூதாட்டி உண்மையிலேயே டாஸ்மேனியாக்காரி. எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒருநாள் அவரிடம் ஆசையாகக் கேட்டாள். அன்றைக்குப் பார்த்துத் துரைக்குக் காது கேட்காமல் போய்விட்டது. காலையில் முகத்துக்குப் பவுடர் போடாமல் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். முதுகும் வயிறும் கோதுமை நிறம். கிரேக்கத் தகப்பனாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். மெல்பேர்னில் யார் எந்த நிறத்தில் இருந்தால் எனக்கென்ன?

நான் மட்டக்களப்பு. படகில் வந்தவள். தற்காலிக விசாவில் இருந்தேன். வேலையும் நல்ல பெயரும்தான் என் கையில் இருந்த இரண்டு காகிதம். வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்துக்காரி. போன புதிதில் ஒருநாள், "மறுகா வாறன் அன்ரி" என்று சொல்லிவிட்டேன். பிறகு என்பதற்கு எங்கள் ஊரில் மறுகா என்போம்.

"மறுகாவோ? அதென்ன பிள்ளை மறுகா?" என்று விழுந்து விழுந்து சிரித்தா. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் என்னைப்போலச் சொல்லிக்காட்டினா. அன்றிலிருந்து அவர்களைப்போலவே பேந்து என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழகிவிட்டேன்.

துரை என்னைக் 'கேர்ள்' என்று கூப்பிடுவார். தேத்தண்ணி கொஞ்சம் ஆறியிருந்தால் கூலிக்காரி என்பார். என்னோடு வேலை செய்த தஞ்சாவூர் அக்காவும் நானும் தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், கைத்தடியால் கட்டில் சட்டத்தில் அடித்து, "ஸ்பீக் இங்கிலீஷ்!" என்று கத்துவார். குரங்குப் பாஷை என்பார். ஒரு காலையில் நான் கொண்டுபோன தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நான் விரித்து முடித்த புதுப் படுக்கைவிரிப்பிலேயே ஊற்றினார். தேயிலை என்றால் என்னவென்று உங்கள் சனத்துக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம் என்றார். நான் விரிப்பை உருவியபடி அக்காவிடம் சொன்னேன்:

"இந்த மனுசனுக்கு எப்பதான் சீட்டுக் கிழியுமோ!"

"ஆமா, கிழிக்கிறவனே இவருகிட்ட வர பயப்படுறான் போல," என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மூன்றாம் நாள் மெனேஜர் என்னைக் கூப்பிட்டாள். துரை கைப்பட ஒரு புகார்க் கடிதம் எழுதியிருந்தார். அதில், என் சீட்டு எப்போது கிழியும் என்று இந்தப் பெண் கேட்டாள், கிழிப்பவனே என்னிடம் வரப் பயப்படுகிறான் என்று மற்றவள் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள் என்று அழகான சாய்ந்த எழுத்தில் இருந்தது. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில். இல்லத்தில் இருப்பவரை அவமதித்தது நிரூபணமானால் வேலை போகும், அது என் பதிவிலும் ஏறும், இனி எந்த இல்லமும் என்னை எடுக்காது என்று மெனேஜர் சொன்னாள். அந்தக் கடிதத்தில் பொய் என்று காட்ட ஒரு சொல்கூட இல்லை. இப்போது என்னுடைய சீட்டுத்தான் கிழியப்போகிறது என்று தெரிந்தது.

விசாரணை துரையின் அறையிலேயே நடந்தது. அவர் கழுத்துப்பட்டி கட்டி, பவுடர் போட்டு, படத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார். மெனேஜர் கடிதத்தை வாசித்தாள். சீட்டு என்றால் என்ன சீட்டு, பஸ் சீட்டா, சினிமாச் சீட்டா என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் அப்படிக் கேட்டபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. சாவதைச் சீட்டுக் கிழிவது என்று சொல்லும் பேச்சே ஆங்கிலத்தில் கிடையாது. தமிழ் தெரியாத ஒருவன் கற்பனை செய்துகூட எழுதமுடியாத வாக்கியம் அது. மனுசன் கோபத்தில் டாஸ்மேனியாவை மறந்துவிட்டார்.

நான் அவரைப் பார்த்து, "சேர், நான் அதை என்ன பாஷையில சொன்னனான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

உன்னுடைய பாஷையில்தான் என்றார்.

"உங்களுக்கு அந்தப் பாஷை தெரியுமோ?"

மெனேஜரும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் டாஸ்மேனியாவில் பிறந்தவரல்லவா என்று மெதுவாகக் கேட்டாள். துரை என்னையே பார்த்தார். ஆமாம், தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் நான் தொலைந்தேன். ஆனால் அதே சொல்லில் அவருடைய பெயர், ஊர், பவுடர், சவுக்கு எல்லாம் தொலையும். அந்த அரை நிமிடத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

பிறகு துரை நடித்தார். அவருடைய படங்களில் நான் பார்த்த எந்த நடிப்பும் அதற்குக் கிட்ட வராது. கண்களில் இருந்த வெளிச்சத்தை அணைத்தார். வாயைக் கொஞ்சம் திறந்தார். நெற்றியைத் தடவி, எங்கே கேட்டேன் என்று தெரியவில்லை, கனவாக இருக்கும், தியேட்டர் வாசலில் யாரோ சீட்டுக் கிழித்தார்கள் என்று குழறினார். மெனேஜர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் பெரிய மனது பண்ணி, பரவாயில்லை, வயசாளிதானே என்றேன். இரண்டு பேரில் யார் பெரிய நடிகர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் அந்த நடிப்பை மெனேஜர் நம்பிவிட்டாள். அதுதான் துரை எதிர்பாராதது. கோப்பில் 'குழப்பம்' என்று எழுதினாள். டாக்குத்தர் வந்து கேள்வி கேட்டார். தடுமாற்றத்தை ஒருமுறை நடித்துவிட்டு மறுநாள் தெளிவாகப் பேசினால் கடிதம் மறுபடி மேசைக்கு வந்துவிடுமே. துரை விடாமல் நடித்தார். ஒரு மாதத்துக்குள் அவரை மறதிக்காரர்கள் இருக்கும், கதவு பூட்டிய பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே அவர் ஹொலிவூட் என்று வாய் திறந்தாலே தாதிகள், ஓம் ஓம், நீங்கள் பெரிய நடிகர்தான் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே இனித்தது.

ஒரு வருடம் போனபோது நடிப்பு எது, நோய் எது என்று பிரிக்க முடியவில்லை. ஆங்கிலம் அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ உளறுகிறார், உனக்கு ஏதாவது விளங்குகிறதா என்று மெனேஜர் என்னை அழைத்துக் கேட்டாள். கட்டிலருகே நின்று கேட்டேன். துரை யன்னலைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"தண்ணி கொஞ்சம் தா புள்ள. மறுகா போ."

மறுகா! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம்! எங்கள் ஊரில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் உண்டு. வெள்ளையாய், கோதுமையாய், எங்களைப்போலக் கறுப்பாய் எல்லா நிறத்திலும் இருப்பார்கள். எங்களைப்போலவே தமிழ் பேசுவார்கள். டாஸ்மேனியாவும் இல்லை, கிரேக்கமும் இல்லை. மனுசன் மட்டக்களப்பு! கறுப்பரை உள்ளே விடாத காலத்தில், டாஸ்மேனியாக்காரன் என்று பொய் சொல்லி இந்த நாட்டில் கப்பலால் இறங்கி, வீடு திரும்பிவிட்டேன் என்று பத்திரிகைக்குச் சிரித்திருக்கிறார். நான் நடந்தது நடந்தபடி சொல்லிப் படகால் இறங்கினேன். தடுப்பு முகாமில் பெயருக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது ஒரு இலக்கம்.

"இல்லை, எனக்கு விளங்கேல்லை," என்று மெனேஜரிடம் சொன்னேன். விளங்குகிறது என்றால் அவருக்குத் தமிழ் தெரியும் என்றாகும். தமிழ் தெரியும் என்றால் அந்தக் கடிதம் உண்மை என்றாகும். கோப்பில், அர்த்தமில்லாத ஒலிகள் என்று எழுதிக்கொண்டு அவள் போனாள்.

அவள் போன பிறகு கோப்பையை அவர் வாயருகே பிடித்தேன். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "எந்த ஊர் புள்ள நீ?" என்று கேட்டார். அதில் நடிப்பு இல்லை. யாருக்கும் கேட்காது. கதவு சாத்தியிருந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"ஸ்பீக் இங்கிலீஷ், சேர்," என்றேன்.

அவர் இன்னும் சில வாரங்கள் இருந்தார். தினமும் தமிழில் பேசினார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் போனபோது போய்விட்டிருந்தார். தேடி ஒருவரும் வரவில்லை. பெட்டியில் போட்டு எறிய வைத்திருந்த சாமான்களுக்குள் இந்தப் படம் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தேன். வரிசையாக நின்ற கூலிகள் அத்தனை பேரும் வெள்ளையர். படத்தில் இருந்த ஒரே கறுப்பன் கையில்தான் சவுக்கு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எறிய மட்டும் மனம் வரவில்லை.

இப்போது எனக்கு நிரந்தர விசா. சொந்த வீடு. போன ஞாயிறு அந்தப் பழைய யாழ்ப்பாணத்து அன்ரி பார்க்க வந்தா. செருப்பைக் கழற்றும்போது படத்தைக் கண்டுவிட்டா.

"ஆரப்பா இந்த வெள்ளைக்காரன்?"

எங்கட ஊர் ஆள் என்று சொல்லலாம். இனி என்னை யாரும் வேலையால் நிறுத்தப்போவதில்லை. கதையைச் சொல்ல அவ்வளவு ஆசையாகவும் இருந்தது. ஆனால் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது, முதலில் அன்ரி வந்து கதிரையில் இருக்கட்டும், மறுகா சொல்வோம் என்று நினைத்தேன். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது.

"அது பெரிய கதை அன்ரி," என்றேன். "பேந்து சொல்லுறன்."