பட்டியலில் இல்லாத கூரை வீடு

பாறைக்காட்டிலிருந்து முதன்முதலில் ஐ.டி.ஐ. போய்ப் படித்த பெண் மாதம்மாள். கொட்டச்சேட்டுக்கு மேலே, ஜீப் தடம் முடிகிற இடத்தில் பத்தொன்பது வீடுகள், அதுதான் பாறைக்காடு. அப்பா சின்னையனுக்கு அங்கே சாமை விதைக்கிற காடும், கொஞ்சம் காப்பியும், நாலு பலாமரமும் இருந்தன. மகள் சேலத்தில் படம் வரையப் படித்துவிட்டு வந்து, ஏற்காட்டில் கோவிந்தராஜ் இன்ஜினியரின் சர்வே ஆபீசில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

ஆபீஸ் என்றால் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரே அறை. 1997-இல் கோவிந்தராஜ் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். ரோடு, வாய்க்கால் எல்லாவற்றையும் அதிலேயே வரைந்துவிடலாம் என்றார். அதைத் தொட அவருக்கே பயம். மாதம்மாள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டாள்.

அவளுக்கு அதில் பிடித்த வேலை ஒன்று இருந்தது. மலையில் அளந்த ஒவ்வொரு இடமும் திரையில் ஒரு புள்ளியாக விழும். புள்ளியின் எண், உயரம், அங்கே இருப்பது மரமா பாறையா கிணறா என்ற குறிப்பு, இந்த மூன்றையும் கம்ப்யூட்டரே பக்கத்தில் எழுதிவிடும். அந்த எழுத்துக்கு லேபிள் என்று பெயர். எழுத்து எவ்வளவு பெரிதாக, எந்த நிறத்தில், புள்ளிக்கு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று ஒருதரம் சொல்லி வைத்துவிட்டால் போதும், ஆயிரம் புள்ளிக்கும் அப்படியே எழுதும். கம்ப்யூட்டர் தானாக எழுதியது ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி இருந்தது. மாதம்மாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். உயரம் வலது பக்கம், குறிப்பு கீழே, மரத்துக்குப் பச்சை, பாறைக்குக் காவி. இடம் நெருக்கடியாக இருந்தால் எழுத்தைத் தள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு மெல்லிய கோடு. கோவிந்தராஜ் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச புஸ்தகமாட்ட இருக்குதே மாதம்மா" என்றார்.

அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்த வேலை பாறைக்காட்டு ரோடு. ஜீப் தடத்தை அகலப்படுத்தி, பாறைக்காடு தாண்டிக் கிழக்குச் சரிவு வரை பஸ் போகிற மாதிரி செய்யவேண்டும். ஊர்க்காரர்கள் முன்னால் படத்தை விரித்துச் சம்மதம் வாங்கவேண்டும் என்பதால், லேபிள் எல்லாம் தமிழில் இருந்தால் நல்லது என்றார் கோவிந்தராஜ். சேலத்திலிருந்து தமிழ் எழுத்துருவைப் பிளாப்பியில் கொண்டுவந்தும் கொடுத்தார். அளவுக் கணக்கு எல்லாம் ஏற்கனவே சேலத்தில் ஒருவர் டைப் செய்து அனுப்பியிருந்தார்.

நவம்பர் மாதம். மத்தியானம் மூன்று மணிக்கே பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடை மறைந்துவிட்டது. மாதம்மாள் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, குறிப்பு லேபிளின் எழுத்தைத் தமிழுக்கு மாற்றினாள். படம் ஒருமுறை அழிந்து திரும்ப வந்தது. மரம் என்று இருந்த இடமெல்லாம் 'வச' என்று இருந்தது. பாறை எல்லாம் 'சம'. கிணறு 'றட'. ஆங்கில எழுத்தில் சுருக்கி அடித்திருந்த குறிப்புகள், தமிழ் எழுத்துருவில் அர்த்தமே இல்லாமல் வந்து நின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

படத்தைக் கிழக்குப் பக்கமாக நகர்த்தினாள். அங்கே ஒரு புள்ளியின் கீழே 'வா' என்று இருந்தது.

இன்னும் நகர்த்தினாள். மற்றொன்று. 'வா.' அதற்கப்புறம் வெகுதூரம் வெறும் மரமும் பாறையும். மேட்டைத் தாண்டி ஒரு பள்ளத்தில், சுற்றிலும் எதுவும் இல்லாத இடத்தில், தன்னந்தனியாக ஒன்று. 'வா.'

மாதம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். கீழே பேக்கரியில் ரேடியோ பாடுவது கேட்டது. அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து, சேலத்தில் அடித்த கணக்கைத் திறந்து பார்த்தாள். கூரை வீட்டுக்கு அவர்கள் போட்டிருந்த சுருக்கம் டி, எச் என்ற இரண்டு எழுத்து. புது எழுத்துருவில் டி இருந்த இடத்தில் வ, எச் இருந்த இடத்தில் துணைக்கால். இரண்டும் சேர்ந்து 'வா'. அவ்வளவுதான். எல்லாக் குறிப்புகளையும் தமிழில் மாற்றி அடித்தாள். மூன்று இடத்திலும் 'கூரை வீடு' என்று வந்தது. ஆனாலும் அன்று கொட்டச்சேடு வரை போகிற பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, அந்தப் பள்ளத்துப் பக்கம் இருந்த ஜன்னலில் அவள் உட்காரவில்லை.

மறுநாள் கோவிந்தராஜ், ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த வீட்டுப் பட்டியலோடு படத்தை ஒப்பிட்டார்.

"கூரை ஊடு ரெண்டுதான் எழுதியிருக்கறாங்க. பள்ளத்துல காட்டுறயே, அது இல்ல. தப்பா அளந்திருப்பாங்க. எடுத்துரு மாதம்மா. ரோடு அது மேலதான் போகுது."

அழித்தாள். அடுத்த நாள் காலையில் படத்தைத் திறந்தபோது அது இருந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. மூன்றாம் நாள்தான் புரிந்தது. அவள் அழித்தது எழுத்தை மட்டும். புள்ளி உள்ளே அப்படியே இருக்கிறது. படம் திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து மறுபடி எழுதுகிறது. புள்ளியையே எடுத்தால் ஒழிய அது போகாது. எடுப்பதற்குக் கையை வைத்தவள், என்னவோ தோன்றி, வேடியப்பனைக் கேட்டுவிடலாம் என்று நிறுத்தினாள்.

வேடியப்பனுக்கு ஊர் வெள்ளக்கடை. அளக்கும்போது புள்ளிக்குப் புள்ளி அளவுக் குச்சியை நிமிர்த்திப் பிடிக்கிறவர். அவர் பிடித்த குச்சியை எதிரே மேட்டிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்து சேலத்து சர்வேயர் எழுதிக்கொள்வார்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பள்ளத்துல கூரை ஊடு இருந்துச்சுங்களா?"

வேடியப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "நான் அங்க குச்சி புடிக்கலீங் கண்ணு."

"உங்க புள்ளிதானுங்களே?"

"நான் எறங்கமாட்டேன்னுட்டேன். அங்க ஆளில்லாமயே பொக வரும், எறங்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க. குச்சிய ஒரு மரத்துல சாத்தி வெச்சுட்டு மேட்டுலயே நின்னுக்கிட்டேன். பனி வந்து மூடிருச்சு. வெலகினப்ப பாத்தா, குச்சி பள்ளத்துக்குள்ள நட்டமா நிக்குது. அந்தாண்டயிருந்து சர்வேயரு சரின்னு கைய ஆட்டுறாரு. யாரு புடிச்சான்னு எனக்குத் தெரியாது சாமி. குச்சிய எடுக்கவும் நான் போகல. பொறவு பாத்தா அதே மரத்துல சாத்தியிருந்துச்சு."

அன்று ராச்சோறு சாப்பிடும்போது மாதம்மாள் அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, கெழக்கு மேட்டுக்கு அந்தாண்ட ஊடு ஏதாச்சும் இருக்குதா?"

சின்னையன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க ஊடு இல்ல."

"பொக வருதுன்னு சொல்றாங்களே."

"அது பனி."

அம்மா எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். செம்பில் தண்ணீர் நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதம்மாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். காப்பிக் காடு முடிந்து, உண்ணிப் புதர் தொடங்கி, மேடு ஏறியதும் கீழே பள்ளம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு கூரை தெரிந்தது. வாசல் சாணி தெளித்து ஈரமாக இருந்தது. கோழி மேய்ந்தது. அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

"ஏனுங்க… ஊட்டுல யாருங்க?"

இரண்டாம் முறை கூப்பிடாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"படத்துக்காரங்களா?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. விறகுச் சுமையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். சேலை முந்தானையைக் கை தெரியாமல் சுற்றியிருந்தாள்.

"ஆமாங்க. ஏற்காட்டு ஆபீசுங்க."

"குச்சி புடிச்சது நாந்தான். அந்த ஆளு மேட்டுலயே நின்னுக்கிட்டான். எதுத்த மேட்டுல இருந்து ஒருத்தரு கைய ஆட்டி ஆட்டிக் கூப்புட்டாரு. எத்தன நேரம் கூப்புடுவாரு, பாவம்னு நானே எடுத்து நட்டமா நிறுத்துனேன். தப்புங்களா?"

"தப்பில்லீங்க. உங்க பேருங்க?"

"காளியாயி. நீ யாரு ஊட்டுக் கண்ணு?"

"பாறைக்காடுங்க. சின்னையன் மக."

அந்தப் பெண் விறகை மெதுவாக இறக்கினாள்.

"எனக்குக் கருமாதி பண்ணுனது சின்னையந்தான். இருவத்தியொரு வருசமாச்சு."

மாதம்மாளுக்கு ஓடவேண்டும் என்றுதான் தோன்றியது. தை மாதப் படையலில் அப்பா இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி இலையில் சோறு வைப்பார். கடைசிப் பெயர் எப்போதும் காளியாயி. அப்பாவின் அக்கா. மாதம்மாள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

விறகை இறக்கியதில் முந்தானை நழுவியிருந்தது. அந்தக் கையில் விரல்கள் பாதிதான் இருந்தன. நோயில் தேய்ந்த அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் மாதம்மாளுக்குப் புரிந்தது. எதிரே நிற்பது உயிருள்ள பெண்.

"பெரிய நோவு வந்துருச்சு கண்ணு. கீழ ஆஸ்பத்திரில கொண்டுபோய் உட்டாங்க. திரும்பி வந்து, செத்துட்டேன்னு காரியம் பண்ணிட்டாங்க. அஞ்சாறு வருசத்துல எனக்கு நல்லாயிருச்சு. டாக்டரு சீட்டெல்லாம் குடுத்தாரு. ஊட்டுக்கு வந்தேன். என்னைப் பாத்துட்டுக் கதவச் சாத்துனவங்கதான். கூப்புட்டா யாருக்கும் காது கேக்கல. எதுக்க நின்னா யாருக்கும் கண்ணு தெரியல. நாலு நாள் நின்னு பாத்தேன். எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நெசமாலுமே செத்துட்டமோன்னு."

"இங்க எப்படிங்க இருக்கறீங்க?"

"அந்தாண்டச் சரிவுல எறங்குனா சந்தை. அங்க நான் உசுரோட இருக்கறேன். கோழி விப்பேன், அரிசி வாங்குவேன். மேடு ஏறி இந்தப் பக்கம் வந்தாத்தான் இல்ல." சொல்லிவிட்டு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்து, நாலடி தள்ளி நின்றாள். "குடிக்கணும்னு இல்ல கண்ணு."

மாதம்மாள் ஒரு நொடி தயங்கினாள். அந்த ஒரு நொடிக்காகப் பிற்பாடு எத்தனையோ நாள் வெட்கப்பட்டதாக அவளே சொல்லியிருக்கிறாள். பிறகு குடித்தாள்.

திங்கட்கிழமை கோவிந்தராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊர்ல இல்லைங்கறாங்களே மாதம்மா."

"இருக்குதுங்க சார். அந்த ஊட்டுல நான் தண்ணி குடிச்சேன். அது எங்க அத்தைங்க."

அவர் படத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, ரோட்டுக் கோட்டை முப்பதடி மேலே தள்ளினால் வளைவு சரியாக வருமா பார் என்றார். வந்தது.

வீடுகளுக்கென்று மாதம்மாள் புதிதாக ஒரு லேபிள் செய்தாள். வீடு என்று மட்டும் இல்லாமல் வீட்டுக்காரர் பெயரும் வருகிற மாதிரி, தூர நின்றும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. காளியாயிக்கு மட்டும் தனியாக எதுவும் செய்யவில்லை. இருபது வீட்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு, ஒரே கறுப்பு.

பள்ளிக்கூடச் சுவரில் படத்தை ஒட்டினார்கள். ஊர் கூடியது. தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து எல்லாரும் சிரித்தார்கள். "இதா நம்மூடு, இதா பலாமரம்" என்று ஒரே சத்தம். ஒருவர் விரல் மெல்லக் கிழக்கே போய், சட்டென்று நின்றது. சத்தம் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு ஒவ்வொருவராக அடங்கியது. ஒருவரும் அது தவறு என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. படத்தின் அந்தப் பக்கம் மட்டும் யாரும் நிற்கவில்லை.

சின்னையன் கடைசியாக வந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உதடு அசைந்தது. கா… ளி… யா… அங்கேயே நிறுத்திக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு வெளியே நடந்துவிட்டார்.

"ஏனுங்க, ஆட்சேபனை யாருக்காச்சும் இருக்குதுங்களா?" என்று கோவிந்தராஜ் மூன்று தடவை கேட்டார். ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டார்.

1999-இல் ரோடு முடிந்து பஸ் விட்டார்கள். கிழக்கு வளைவில் பஸ் திரும்பும்போது பள்ளம் தெரிகிற இடது பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் வலது பக்கம் பார்ப்பார்கள். பேசிக்கொண்டிருந்தால் பேச்சு நிற்கும். வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கண்டக்டர் சேலத்துக்காரர், அவருக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு புதன்கிழமை சின்னையன் மிளகு மூட்டையோடு ஏற்காட்டுக்குப் போனார். இடம் கிடைக்கவேண்டும் என்று, பஸ் கிழக்கே போகும்போதே ஏறிக்கொண்டார்; மாதம்மாளும் ஏறி அவருக்குப் பின்சீட்டில் இருந்தாள். பஸ் கிழக்குச் சரிவிலிருந்து திரும்பி வரும் வளைவில் காளியாயி கையைக் காட்டினாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நின்றது. ஏறினாள். நல்ல கூட்டம். காலியாக இருந்தது ஒரே ஓர் இடம்தான். அதில் மிளகு மூட்டை இருந்தது.

"பெரியவரே, மூட்டையக் கீழ வெச்சுட்டு அந்தம்மாவுக்கு எடம் குடுங்க" என்றார் கண்டக்டர்.

சின்னையன் மூட்டையை எடுத்துக் கால் நடுவே வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் நகர்ந்தார். காளியாயி உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வளைவுகளில் பஸ் சாயும்போது ஒருவர் தோள் மற்றவர் தோளில் பட்டது. பின்னாலிருந்து பார்த்த மாதம்மாளுக்கு, இரண்டு பிடரியும் ஒரே அச்சாகத் தெரிந்தன.

அன்று சாயங்காலம், புது பஸ் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள்.

"தேவலாம்" என்றார் சின்னையன். மாதம்மாள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். "கூட்டம் நொம்ப. எம்பக்கத்து சீட்டு மட்டும் கடைசி வரைக்கும் காலியாவே வந்துச்சு."

சொல்லிவிட்டு, இடது தோளைக் கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.