ஒன்பது பேர் என்று எழுதியிருந்த வரி

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் துன் நகரில் நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தோம். ஐம்பத்து நான்கு படிகள். இன்று ஏறச் சொன்னால் இருபதாவது படியில் நெஞ்சு என்ன செய்யுமோ என்று கவலைப்படுவேன். அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. எதையும் எண்ணாமல் விடமாட்டேன் என்பதால் அப்பா ஒரு வேலை தந்திருந்தார்.

இலங்கையில், ஊரில் சண்டைக்குப் பயந்து வீடுவிட்டு ஓடிய தங்கள் சொந்தக்காரர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தக் கோயிலில் தங்கியிருக்கிறார்கள் என்று தெரியாத ஐந்தாறு பேர் ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அவர்களுக்கு வந்த கடிதங்களில் உள்ள விபரத்தை நான் ஒரு கொப்பியில் பதிவேன்: குடும்பத் தலைவர், இருக்கும் இடம், எத்தனை பேர்.

அப்பாவின் தங்கையான மாமியின் குடும்பம் நாற்பத்தொரு நாட்களாக எந்தக் கடிதத்திலும் இல்லை. பிறகு ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்து முகாமின் பட்டியலைக் கொண்டுவந்தார். அதில் மாமியின் கணவர் பெயர் இருந்தது. அப்பா கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

பெயருக்கு நேரே ஒன்பது பேர் என்றிருந்தது.

“மாமி வீட்டில ஏழு பேர்தானே. இது வேற ஆக்கள்” என்றேன்.

அப்பா மெல்ல உட்கார்ந்தார். பிழை பிடித்த பெருமையில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

குசினியிலிருந்து அம்மா வந்தார். “உங்கட தங்கச்சியை எனக்குத் தெரியாதோ? நிவாரண அரிசிக்கு ரெண்டு தலையைக் கூட்டிச் சொல்லியிருப்பா.”

“உன்ர அண்ணர் எண்டால் பத்துத் தலை கூட்டியிருப்பார்!” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அது மாமி குடும்பம்தான் என்று முடிவாயிற்று. பதிந்திருந்த ஒன்பதை அழித்து ஏழாக்க நான் இறப்பரை எடுத்தேன்.

“அழிக்காதை தம்பி” என்றார் ஞாயிறுகளில் வில் நகரிலிருந்து வருபவர். மாமியின் பக்கத்து வீட்டில் இருந்த தன் அண்ணன் குடும்பத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

“பிழை, அங்கிள்.”

“பிழையாய்க் கிடக்கட்டும், ராசா.”

பதினாறு நாட்களின் பின் மாமியே எழுதினாள். ஏழு பேரும் சுகம். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் தன்னோடுதான். தன் பிள்ளைகள் என்றே பதிந்துவிட்டாளாம்.

அப்பா தொலைபேசியில் சொன்னதும் வில் நகரத்து அங்கிள் அன்றே ரயிலேறி வந்தார். கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். “என்ர குஞ்சுகள்” என்று அப்பாவைக் கட்டிப்பிடித்தார்.

“அரிசிக்கு எண்டு வாய் கூசாமல் சொல்லிப்போட்டனே, அண்ணை” என்றார் அம்மா.

“நீங்கள் சொன்னதிலதானே, தங்கச்சி, எனக்கு யோசனையே வந்தது” என்று சிரித்தவர், வடை இரண்டு சாப்பிட்டார். பிறகு பல்கனிக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். தோள்கள் குலுங்கின.

“பிள்ளையள் கிடைச்சிட்டினம்தானே. ஏன் அழுறார்?” என்று கேட்டேன். அம்மா அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றினார்.

நான் கொப்பியைத் திறந்தேன். அவருடைய அண்ணனின் பெயரும், இடம் தெரியாது என்பதும், நான்கு பேர் என்பதும் என் கையெழுத்தில் இருந்தன. இடம் தெரியாது என்பதை ஒரே கோட்டால் வெட்டி, அதன் மேல் அழகாக எழுதினேன்: கிடைத்துவிட்டார்கள்.