டெல்லிக்குள் மட்டும் செல்லும் துப்பாக்கி

டெல்லியில் பஸ்ஸில் ஏறினால் எனக்கு உடனே உட்கார இடம் கிடைக்கிறது. வயதுக்காக இல்லை, மீசைக்காகவும் இல்லை. தோளில் உறைக்குள் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கிக்காக. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழும் ப்ளூலைன் தனியார் பஸ் நடத்துநர்கூட, “ஆயியே, ஃபௌஜி சாஹப்” என்று பட்டாளத்துக்காரனுக்கு வழி விடுகிறார். இதே உறையோடு குடியாத்தம் டவுன் பஸ்ஸில் ஏறியபோது பக்கத்தில் இருந்தவர், “எந்த ஊர்ல கல்யாணம்? நாயனமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். துப்பாக்கி என்று சொல்லியிருந்தால் பஸ்ஸே காலியாகியிருக்கும். இங்கேயோ ஜங்புராவில் எங்களுக்கு மொட்டைமாடி அறையை வாடகைக்கு விட்டிருப்பவர், தன் பையன் கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி போடும்படி இன்றும் என்னைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் நான் கணக்குக் காட்ட வேண்டும் என்றால், மதராசிக்குப் பயம் என்று சிரிக்கிறார். ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள், இந்த வேடிக்கையெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றதும் வேலூரில் லைசென்ஸ் வாங்கி, வந்த பணத்தில் இந்தத் துப்பாக்கியை வாங்கினேன். சில வருஷம் கழித்து, டெல்லியில் ஒரு வங்கிக்குக் காவலாள் தேவை, சொந்தத் துப்பாக்கி இருந்தால் வேலை நிச்சயம் என்று பழைய சகா ஒருவன் சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லைசென்ஸ் கையில் இருக்கிறது, ரயில் ஏறினால் முடிந்தது என்று நினைத்தேன். காஷ்மீர் முதல் அஸ்ஸாம் வரை துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தவன் நான். எந்த மாநிலத்திலும் யாரும் என்னைத் தடுத்ததில்லை. ஆனால் அது சர்க்கார் துப்பாக்கி. என் லைசென்ஸ் புத்தகத்தில் செல்லுபடியாகும் எல்லை தமிழ்நாடு என்று எழுதியிருந்தது. பிறகென்ன, கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம், வழிப் பயணத்துக்கு ஓர் அனுமதி. டெல்லியில் இறங்கியதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, புத்தகத்தை டெல்லிக்கு மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். அதுவரை நான் வெறுங்கைக் காவலாள். மனைவி மல்லிகாவையும் கூட்டி வந்தாயிற்று, மகளை மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தாயிற்று. திங்கட்கிழமை துப்பாக்கியோடு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று வங்கி மேனேஜர் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காவல் நிலையத்தில் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். அது முடிந்ததும் மகளுக்குச் சீருடை வாங்கப் போவதாக இருந்ததால் மல்லிகாவும் கூட வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் குழலின் அடியில் பொறித்திருந்த எண்ணை வாசித்தார், என் புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி குழலைப் பார்த்தார். “கிதாப் மே ஆட் ஹை, யஹாங் தீன்” என்றார். புத்தகத்தில் கடைசி இலக்கம் எட்டு, துப்பாக்கியில் மூன்று. துப்பாக்கியை எங்கே மாற்றினாய் என்று அடுத்த கேள்வி. எண் மாறிய துப்பாக்கி என்றால் வேலை போவது மட்டுமில்லை, வழக்கு வரும். எனக்குத் தெரிந்த இந்தியில், மாற்றவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மல்லிகாவுக்கு இந்தி தெரியாது. என் முகத்தைப் பார்த்து, “இன்னாங்க, இன்னா சொல்றாரு?” என்றாள். சொன்னேன். அவள் எட்டிக் குழலைப் பார்த்தாள்.

“அது நான் வெச்ச சந்தனம்தாங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்கு அங்கதான வெக்கிறேன். இன்னொருதரம் பாக்கச் சொல்லுங்க.”

சொல்லிக்கொண்டே வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அவளையும் ஊக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே வாங்கி எண்ணின் இடுக்கைச் சுரண்டினார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. மூன்றின் இடது பக்கம் அடைபட்டிருந்த கோடுகள் மெல்லத் தெரிய, அது எட்டாயிற்று. “பூஜா கா சந்தன்” என்று நான் குழறினேன். அவர் தூளை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். அவர்கள் வீட்டிலும் தசராவுக்கு ஆயுதத்துக்குப் பூஜை உண்டாம், சிவப்புக் கயிறு கட்டுவார்களாம். “மகர் நம்பர் பே நஹீங்” என்றார், எண்ணின் மேல் வேண்டாம் என்று. ஊக்கைத் துடைத்து மல்லிகாவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

புத்தகத்தில் தமிழ்நாடு அடிபட்டு டெல்லி ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமை வங்கி வாசலில் நான் நின்ற நிமிர்வை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டெல்லி ஏறினால் ஊர் இறங்கிவிடும் என்பது அடுத்த விடுமுறையில்தான் உறைத்தது. நான் ஊருக்குப் போகலாம், துப்பாக்கி போகக் கூடாது. அதைக் காவல் நிலையத்தில் விட்டுவிட்டு ஒரு ரசீதோடு ரயில் ஏறினேன். ஆயுத பூஜையன்று மல்லிகாவின் அண்ணன் வீட்டில் அரிவாள், தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று.

“எல்லாருதும் வெச்சாச்சு மச்சான். உன்னுது எங்க, டில்லிலியே வுட்டுட்டியா?” என்றார் அவர்.

சட்டைப் பையில் இருந்த ரசீதை எடுத்து அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தாள்.

“நம்பர் எங்க கீது? காட்டுங்க.”

ரசீதில் எழுதியிருந்த துப்பாக்கி எண்ணின் மேல் சந்தனம் படாதபடி நான் விரலால் மறைத்துக்கொண்டேன். அவள் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். கற்பூரம் ஏற்றினார்கள். எல்லோரும் அவரவர் பொருளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் வடக்கே திரும்பிக் கும்பிட்டேன்.