சிவப்பு எரிந்தால் ஓடுகிறது

கவிதா, சரவணா, இந்த ஊரில் மதியம் ஆகிவிட்டால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருளாம். மாடிப்படியில் சொல்கிறார்கள், லிஃப்டில் சொல்கிறார்கள், கழிவறையில் கை கழுவும்போதும் சொல்கிறார்கள். வந்த புதிதில் நான் நின்று, "இன்னும் இல்லை, இனிமேல்தான்" என்று ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவைத் தாண்டிப் போயிருப்பார். கும்மிடிப்பூண்டியில் "துன்னியா?" என்று கேட்டவன் பதில் வரும்வரை நகரமாட்டான், இல்லை என்றால் தன் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவான். ஜெர்மனியின் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுப் பழகிவிட்டேன். பதிலுக்கு நிற்காத இந்த விசாரிப்புக்குப் பழகத்தான் நாளானது.

போன முறை லீவில் வந்தபோது சரவணன் கேட்டான்: "அப்பா, நீ அங்க கம்ப்யூட்டர்ல படம் வரையறதுக்குத்தான் சம்பளமாமே? கிளாஸ்ல சிரிக்கிறானுங்க." சிரிக்கட்டும். பாதி உண்மைதான். நான் வேலை செய்வது வால்வுகளைச் சோதிக்கும் மேடையில். வால்வைத் திறந்து மூடி, திறந்து மூடி, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது, எப்போது கசிகிறது என்று அளக்க வேண்டும். அதற்கான நிரலை வரி வரியாக எழுதுவதில்லை. சென்சாரிலிருந்து அழுத்தத்தை வாங்க ஒரு பெட்டி, சராசரி எடுக்க ஒரு பெட்டி, கோடு போட்டுக் காட்ட ஒரு பெட்டி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மவுஸால் கம்பி இழுக்கிறோம். அந்தக் கம்பியில் கரண்டுக்குப் பதில் எண் ஓடுகிறது. இது பின்பக்கத் திரை. முன்பக்கத் திரையில் மீட்டர், பொத்தான், விளக்கு. ஒரு மின் பேனலின் கதவைத் திறந்தால் உள்ளே ஒயர், மூடினால் வெளியே விளக்கு இருக்கிறதல்லவா, அதேதான். ஐ.டி.ஐ. மட்டும் படித்துவிட்டு, திருநின்றவூரில் ரயிலேறி பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பேனல் ஒயரிங் செய்துகொண்டிருந்த எனக்கு இது பிடிபட்டது அதனால்தான். அங்கே வால்வு செய்யும் கம்பெனியில் சேர்ந்தபோது இதைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு இங்கே அனுப்பினார்கள்.

அனுப்பியது ஒப்பந்தத்தில். ஒரு மேடையை நானே வரைந்து, ஒரு வாரம் இடைவிடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடிவிட்டால் வேலை நிரந்தரம். உங்களையும் அம்மாவையும் அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த வாரம் அம்மா போனில் வேறெதுவும் பேசவில்லை. "ஓடிக்கினு கீதா? ஓடிக்கினு கீதா?" அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசிக்கு முந்தின நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது மேடை அமைதியாக இருந்தது. பக்கத்தில் காத்ரின் நின்றிருந்தார். எங்கள் பிரிவின் மூத்த டெக்னீஷியன், லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். எப்போதும் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுபவர். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்கள் மேடையைக் காப்பாற்றிவிட்டேன்" என்றார். அவசரப் பொத்தானை அழுத்தியிருந்தார்.

"அது ஓடிக்கொண்டிருந்ததே" என்றேன்.

"சிவப்பு எரிந்தது!"

"ஆமாம், சிவப்பு. ஓடுகிறது."

"சிவப்பு!" என்று எனக்குக் காது கேட்காதது போல மறுபடியும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பேட்டையில் நான் மாட்டிய பேனல் எல்லாவற்றிலும் மோட்டார் ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. இந்தத் திரையிலும் யோசிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். இங்கே பச்சை எரிந்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது, சிவப்பு என்றால் ஆபத்து, ஓடிப்போய் நிறுத்து. நம் ஊர் விளக்கு ஆளைப் பார்த்துப் பேசுகிறது: கை வைக்காதே, இப்போது வைக்கலாம். இவர்கள் விளக்கு இயந்திரத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டும் நியாயம்தான். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்: "உங்கள் நாட்டில் சிவப்பு நல்ல நிறமா?" எங்கள் ஊரில் கல்யாணப் புடவைகூடச் சிவப்புதான் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, விவரத்தைச் சொன்னேன். வெகுநேரம் பேனாவை உருட்டினார். "விளக்கை மாற்றுங்கள். இன்னும் ஒரே ஒரு முறை" என்றார்.

அன்று மாலை முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். பேட்டையில் என்னோடு ஒன்றாகப் பேனல் மாட்டியவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா நைனா, செவப்பு எரிஞ்சா ஓடுதுன்னு நம்ம டீக்கடக்காரனுக்கே தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியாதா?"

"இங்க பச்சதான்டா ஓடறதுக்கு."

சிரிப்பு நின்றது. "யோவ், இந்த மேடை நாளைக்கு நம்ம ஊருக்கு வந்துச்சுன்னா? பச்சையப் பாத்துட்டு நம்ம பையன் கைய உள்ள உட்டுடுவான்யா."

அதனால் விளக்கைப் பச்சையாக்கி, அதற்குக் கீழே "ஓடுகிறது, கை வைக்காதே" என்று மூன்று மொழியில் எழுதினேன். தமிழைப் பார்த்த காத்ரின், "இது என்ன அலங்காரம்?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

மேடை மறுபடியும் ஒரு வாரம் ஓடியது. பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் மேடை நின்றுவிட்டது என்றே தோன்றும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுப்பேன். வால்வு டக், டக் என்று அடித்த பிறகுதான் மூச்சு வரும். வாரக் கடைசியில் கசிவில்லாமல் முடிந்தது. நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பரீட்சை முடிந்ததும் நீங்கள் இங்கே வரப்போவது அதனால்தான்.

அதன் பிறகு லீவில் வந்தபோது நடந்த ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. சாக்லேட் டப்பாவோடு முனிரத்தினத்தைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டி போனேன். ஷெட்டுக்குள் அவன் முன்னால் நடக்க, நான் பின்னால். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு பேனல், நானே மாட்டியது. அதில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுத்து நான் உணர்ந்தது, முனிரத்தினம் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்ததைத்தான். என் கை அவசரப் பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

"யோவ், இன்னாய்யா பண்றே? நல்லாத்தானே ஓடிக்கினு கீது!"

கம்ப்ரசர் சத்தம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. அவன் பிடியை விட்ட பிறகும், என் விரல்கள் அந்தப் பொத்தானை நோக்கி விரிந்தபடியே இருந்தன.