இடப்பக்கத்து வெளிச்சம்

அழகம்மாள், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவள். கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சுபஸ்ரீ சொன்ன பிறகும் ஓட்டினாள். வருஷா வருஷம் சோதனை நடக்கும். பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, எங்கே வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அழுத்த வேண்டும். இடப்பக்கம் கீழே மட்டும் கொஞ்சம் மங்கல் என்பார்கள். அங்கேயும் வெளிச்சம் தெரிகிறதே என்று தைரியமாக இருந்தாள்.

இந்தத் தை மாசம் இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்துப் புரை எடுத்தார்கள். எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி தெளிந்தது. மறுபடி சோதனை வைத்தபோது, ரிப்போர்ட்டில் இடப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது.

"ஆபரேஷன்ல கெட்டுப்போச்சா டாக்டர்?"

"இல்லம்மா, அந்த இடத்துல பார்வை முன்னாடியே போயிடுச்சு. புரை இருந்தப்ப அங்க விழுந்த வெளிச்சம் கண்ணுக்குள்ள சிதறி, பக்கத்துல நல்லா இருக்கிற இடத்துல பட்டிருக்கு. அதைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தியிருக்கீங்க. எங்களுக்கும் அப்ப அது பிடிபடல."

"எதிர்ல வர்ற வண்டி லைட்டெல்லாம் தெரிஞ்சுதே?"

"லைட் தெரிஞ்சிருக்கும். லைட் இல்லாம நடந்து வர்ற ஆள் தெரிஞ்சிருக்க மாட்டாங்க."

அழகம்மாளுக்கு அந்த மழைநாள் ஞாபகம் வந்தது.

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், மாம்பழச்சாலையில் ஆட்டோவின் இடப்பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஓரமாக ஒற்றைச் செருப்பு கிடந்தது. நாயாக இருக்கும் என்று வண்டியை எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பஸ் பிடித்து மாம்பழச்சாலையில் போய் இறங்கினாள். ஐப்பசியில் இங்கே யாராவது அடிபட்டு விழுந்தார்களா என்று அங்கிருந்த டீக்கடை நஸ்ருல்லாவிடம் கேட்டாள்.

"ஐப்பசியிலயா? இங்க தினம் யாராவது விழறாங்க, எழுந்து போறாங்க. எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது அக்கா?"

"யாரையாவது தூக்கிட்டுப் போனாங்களா?"

"தெரியலக்கா."

ஆட்டோவை விற்றுவிட்டாள். "நாயாத்தான் இருக்கும்மா, விடு" என்று மகள் பவித்ரா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அழகம்மாள் தலையை மட்டும் ஆட்டுவாள். கடைவீதியில் யாராவது காலை இழுத்து நடந்து போனால், பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போகிறாள். முன்னால் சென்று ஒரு தடவை முகத்தைப் பார்க்கிறாள். அவர்கள் என்னவென்று கேட்டால், ஒன்றும் இல்லை என்று சொல்லித் திரும்பி வருகிறாள்.